பால்வண்டிக்காரியின் ஓய்வுநாள்

ஒன்பது வருடமாக இந்தச் சாலைகளை
இரவில் மட்டுமே தெரியும் எனக்கு.
ஃப்ரீஸ்லாந்தின் பண்ணைகள் என் கணக்கில் லிட்டர்கள்.
பாலத்துக்கு அப்பால் நாலாயிரம்,
தேவாலயத் திருப்பத்தில் ஏழாயிரம்,
வாத்துக்குட்டை வீட்டில் கோடையில் கொஞ்சம் குறையும்.
முகப்பு விளக்கு நக்கிக் காட்டுகிற அளவுதான் உலகம்.
அதற்கப்பால் இருட்டு.
இருட்டுக்குள் மாடுகள் மூச்சுவிடும் சத்தம்.

மே மாதத்தில் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன்.
பெல்லின் மூடியில் யாரோ ஆணியால் கீறிய பெயர்: ஹில்கே.
கீறல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே சைக்கிள் பாதைக்குப் பெயர் கிடையாது, எண்தான்.
சந்திக்குச் சந்தி ஒரு பச்சைப் பலகை.
போகிற வரிசையைத் துண்டுத்தாளில் எழுதிக்
கைப்பிடியில் ஒட்டிக்கொண்டால் போதும்:
12, 47, 46, 63, 8.
விழாத லாட்டரிச் சீட்டு போலிருக்கும்.
காலையில் கிளம்பி இருட்டுமுன் வீடு,
ஒரு ஞாயிறுக்கு ஒரு வளையம்.
முடித்ததை வரைபடத்தில் பென்சிலால் தீட்டுவேன்.
ஆறாவது ஞாயிற்றில்
பாதி மாவட்டம் மீன்செதில் ஆகிவிட்டது.

காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
திசைக்கொரு பெயர் வைத்த மொழிகள் உண்டு.
வட்டமாகச் சுற்றுகிறவளுக்கு ஒரே பெயர் போதும்:
எதிர்க்காற்று.
காலையில் வடக்கே போனால் வாடையாக மறிக்கும்,
மதியம் மேற்கே திரும்பினால்
அங்கேயும் வந்து முன்னால் நிற்கும்.
கடன்காரன்கூட ஒரு தெருவில்தான் காத்திருப்பான்.

தட்டைப் பூமி என்கிறார்கள்.
தொடையைக் கேட்டால் சொல்லும்,
ஒவ்வொரு கால்வாய்ப் பாலமும் ஒரு மலை.

வண்டியில் என் இருக்கை தரையிலிருந்து இரண்டு மீட்டர்.
அங்கிருந்து தெரியாதது எவ்வளவோ.
வேலிக்கம்பத்தில் கவிழ்த்த ஒற்றை ரப்பர் பூட்ஸ்.
முட்டைப்பெட்டியும் பக்கத்தில் காசுபோட ஒரு டப்பாவும்,
டப்பாவுக்குள் யாரோ போட்ட சட்டைப் பொத்தான்.
ஓடைநீரில் தலைகீழாக நடக்கும் ஆடுகள்.
வெட்டிய புல்லின் வாசம்,
அது டீசலுக்குப் பின்னால்
இத்தனை வருடம் ஒளிந்திருந்தது.

46க்கும் 63க்கும் நடுவே கால்வாய், பாலம் இல்லை.
சங்கிலியில் கட்டிய தட்டைப் படகு,
கைச்சக்கரம் சுற்றி நாமே இழுத்துக்கொள்ள வேண்டும்.
இரண்டு கரையும் ஒரே பச்சை;
படகு மட்டும் எப்போதும் அக்கரையில்.
தூண்டிலோடு உட்கார்ந்திருந்த இரண்டு பையன்கள்
என் சுற்றுகளைச் சத்தமாக எண்ணினார்கள்.
நூற்றுப் பதினொன்றில் படகு வந்தது.
கைதட்டினார்கள். மீன் ஓடியிருக்கும்.

அப்புறம் திருப்பம். தேவாலயம். ஏழாயிரம் லிட்டர்.

கதவு நீலம் என்று எனக்குத் தெரியாது.
ஒரு டிராம்போலின், கொடியில் கோடுபோட்ட போர்வைகள்.
நாய் ஓடி வந்து
லாரியைப் பார்த்துக் குரைக்கிற அதே மூன்று குரையலைக் குரைத்தது.
கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்,
பௌக்கியேவாகத்தான் இருக்க வேண்டும்,
சீட்டில் பார்த்த பெயர்.
அந்நியருக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு.
“வழி தவறிட்டீங்களா? எல்லாரும் இங்கதான் தவறுவாங்க.
பலகையைப் புதர் மூடிடுச்சு.
பால்தொட்டி அறையைத் தாண்டி இடது பக்கம்.”

அந்த அறைக் கதவைக் கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும்.
உள்விளக்கின் சுவிட்ச் வலது கைக்கு மூன்றாவது.
அவர் மாடுகளின் பாலில் கொழுப்பு எவ்வளவு என்பதுகூட எனக்கு மனப்பாடம்.

நன்றி சொன்னேன்.
இடது பக்கம் திரும்பினேன்.
ஏன் சொல்லவில்லை என்று
எட்டாம் எண் பலகை வரை யோசித்தேன்.
வழி சொன்னதில் அவருக்கொரு சந்தோஷம் இருந்தது.
வழி தெரியாதவளாக நின்றதில்
எனக்கும்தான்.

செவ்வாய் இரவு, இரண்டு மணி.
மூன்று குரையல்.
கதவைத் தூக்கித் தள்ளி, குழாயை மாட்டி,
குளிர்ந்த தொட்டி காலியாகிற ஓசையைக் கேட்டு நின்றேன்.
சீட்டில் எழுதினேன்: 7,120.
கிளம்பப் போனவள் திரும்பி வந்து
கீழே சின்ன எழுத்தில் சேர்த்தேன்:
புதரைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள்,
63 தெரியவில்லை.