லாக்டோமீட்டர் மூழ்கிய மதியம்

மாரண்டஹள்ளி பால் சொசைட்டி.
காலை ஐந்தரைக்கு முதல் கேன்.
கொழுப்பு நாலு புள்ளி ஒன்று,
டிகிரி இருபத்தெட்டு,
அடுத்த ஆள் வாங்க.
தினம் அறுநூறு லிட்டர் என் கைவழி போகிறது.
ஒரு மடக்கு உள்ளே போனால்
ராத்திரி முழுக்க வயிறு பேசும்.

தர்மபுரி டாக்டர்
பாலை அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டு
என்ன வேலை என்று கேட்டார்.
சொன்னேன்.
பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஊரில் மூச்சு விடவில்லை.
டெஸ்டருக்கே பால் சேராது என்றால்
பாலில் என்னவோ இருக்கிறது என்பார்கள்.
எட்டு மாதமாய்
எந்த வீட்டில் டம்ளர் நீட்டினாலும்
"இப்பத்தான் குடிச்சேன்."

நாத்தனார் வீட்டுக்காரருக்குப் பாலக்கோட்டில் பெயிண்ட் கடை.
டார்கெட் முடித்தார் என்று
கம்பெனிக்காரன் பாங்காக் கூட்டிப்போய்
நாலாம் நாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டான்.
அங்கே என்ன பார்த்தீர் என்று
அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.
"டீ நல்லாருந்துச்சு."
அவ்வளவுதான் வாக்குமூலம்.
சாட்சிக்கு ஒரு டீத்தூள் பாக்கெட்,
அவள் தொடமாட்டேன் என்றதால்
என்னிடம் வந்தது.

எழுத்து விளங்கவில்லை,
ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சின்னச் சுழி.
படம் விளங்கியது:
கொதிக்கும் தண்ணீர், துணிப்பை, ஐஸ்,
கடைசியில் ஒரு டப்பா,
டப்பாவின் மேல் மாடு.
மாட்டை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டு காவேரிப்பட்டணம் தேங்காய்.
துருவி, வெந்நீர் தெளித்து அரைத்து,
பழைய வாயில் புடவைத் துண்டில் பிழிந்த முதல் பால்.
பாதியை நாட்டுச்சர்க்கரையோடு
சிறு தீயில் சுண்ட வைத்தேன்.
அடிப்பிடிக்க ஒரு நிமிடம் போதும்,
கரண்டியை விடவில்லை.
இன்னொரு அடுப்பில்
தூள் அவிழ்ந்தது. அப்படி ஒரு ஆரஞ்சு
தக்காளி மண்டியில்கூடப் பார்த்ததில்லை;
அவர் கடை கலர் அட்டையில் இருக்கலாம்.
நட்சத்திரப்பூ வாசம், கொஞ்சம் பிரியாணிக் கடை வாசம்,
கொஞ்சம் வெனிலா பிஸ்கட்.

மிச்சமிருந்த வெள்ளையைப் பார்த்ததும்
கை சும்மா இருக்கவில்லை.
ஜாடியில் ஊற்றி லாக்டோமீட்டரை விட்டேன்.
விட்டதும் மூழ்கி
அடியில் டொக் என்று தட்டியது.

"டெஸ்டரக்கா."
வாசலில் பச்சியப்பன்.
நேற்று அவர் கேனைத்தான்
தண்ணீர் என்று திருப்பியிருந்தேன்.
சண்டைக்கு வந்தவர்
ஜாடியைப் பார்த்தார், தேங்காய்ச் சக்கையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"பால் ஆகாதா உங்களுக்கு?"
மதியம் இரண்டரை மணி. பொய் வரவில்லை.
"ஆகாது."

இரண்டு டம்ளரில் ஐஸ் போட்டு
டீயை ஊற்றி, சுண்டியதைக் கலந்து,
மேலே தேங்காய்ப்பாலை விட்டேன்.
வெள்ளை சட்டென்று கலக்கவில்லை,
ஐஸ் இடுக்கில் வழி தேடித் தேடி இறங்கியது.
அவர் குடித்தார். மீசையில் ஆரஞ்சு.
"இனிப்பு தூக்கல்," என்றார். முழுசும் குடித்தார்.
பிறகு ஜாடியைக் காட்டி,
"இதுலயும் தண்ணியா?"

"இல்ல. கொழுப்பு ஜாஸ்தி. அதான் முழுகுது."

"அப்ப முழுகுறதெல்லாம் தண்ணி இல்ல."

அதற்குக் கணக்கு இருக்கிறது,
கொழுப்பையும் சேர்த்துத்தான் பார்ப்போம்,
நோட்டில் சூத்திரமே இருக்கிறது.
சொல்ல வாயெடுத்தேன்.
ஐஸ் பல்லில் கூசியது.

சாயங்காலம் வரிசையில் ஏழாவதாக நின்றார்.
ஜாடி நிறைய ஊற்றினார்.
இருபத்திமூன்று.
குமிழி அடங்கட்டும் என்று காத்திருந்து
மறுபடி விட்டேன்.
இருபத்திமூன்று.
இருபத்திமூன்று என்றே எழுதினேன்.
அவர் நோட்டைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார்.
பதினொரு பேர் பின்னால் நின்றார்கள்.
ஒரு வார்த்தை போதும் அவருக்கு.

கேனைத் தூக்கிச் சைக்கிளில் மாட்டிக்கொண்டே,
"அந்தத் தூளு மிச்சம் இருக்கா?" என்றார்.