ஐந்து மணிக்குள் எழுநூறு ஆண்டு

மரினா பே கப்பல் முனையத்தில்
நெஞ்சில் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் எல்லாம் என் ஆட்கள்.
முப்பத்தெட்டுப் பேர். எண்ணிவிட்டேன்.
எண்ணுவதுதான் இந்தத் தொழில்,
மீதியெல்லாம் பேச்சு.

‘பண்டைய நகரம், நான்கு மணி நேரம்’
என்று சீட்டில் அச்சாகியிருக்கிறது.
நேற்று அவர்களுக்குக் கிள்ளான் துறைமுகம்,
நாளை மறுநாள் ஏதோ ஒரு தீவு,
இடையில் நான்.

பேருந்தின் முன் இருக்கையில் கிரேசியெல்லா அம்மாள்,
த்ரியெஸ்தே ஊர்க்காரர்.
கண்ணாடிக் கோபுரங்களைக் கையாலேயே ஒதுக்கிவிட்டுக் கேட்டார்:
“எங்கே அந்தப் பழைய நகரம்?”
அவர் ஊரில் பழையது நின்றுகொண்டிருக்கும் போல,
தூணாக, வளைவாக, மூக்குடைந்த சிலையாக.
எங்கள் ஊரில் அது படுத்திருக்கிறது.
மேலே கார் நிறுத்துமிடம்.
(நான் படித்த தொடக்கப்பள்ளியும் அப்படித்தான்.
அது இந்த வழித்தடத்தில் வராது.)

ஃபோர்ட் கேனிங் குன்று.
அந்தக் காலத்து மலாய்க்காரர்கள் வைத்த பெயர்
விலக்கப்பட்ட குன்று, யாரும் ஏறக்கூடாது என்கிறேன்.
இப்போது கட்டணமில்லை,
கழிப்பறை இடப்பக்கம் என்றும் சொல்கிறேன்.
இரண்டாவதைத்தான் குறித்துக்கொள்கிறார்கள்.

அகழ்ந்த இடத்தில் ஒரு குழி, மேலே கூரை.
சீனத்துப் பீங்கான் சில்லுகள்,
கண்ணாடி மணிகள்,
யாரோ ஒருத்தி இங்கே அறுத்துக்கொண்ட மாலை.
குழியைப் படமெடுக்க யாருக்கும் கோணம் வாய்ப்பதில்லை.
குழியின் முன்னால் ஒருவரையொருவர் எடுத்துக்கொள்கிறார்கள்.

பிறகு அருங்காட்சியகம், குளிர்சாதனம்,
ஒரே மூச்சில் முப்பத்தெட்டு நிம்மதி.
ஆற்றுவாயில் நின்ற பெரும்பாறை,
வரிவரியாய் எழுத்து,
வெள்ளைக்காரன் வெடி வைத்தான்,
மிஞ்சியது இந்தத் துண்டு.
மனப்பாடம். உறக்கத்திலும் சொல்வேன்,
சொல்லியிருக்கிறேன் என்பார் என் கணவர்.

பின்னாலிருந்து ஒருவர் என் சட்டைப் பட்டையைக் காட்டினார்.
குமுதவல்லி என்று தமிழிலும் எழுதிய பெயர்.
“உங்கள் எழுத்து மாதிரியே இருக்கிறதே,
வாசித்துக் காட்டுங்களேன்.”

குனிந்தேன்.
ஒரு வளைவு, ழகரம் ஆகலாமா என்று நின்று
ஆகாமல் போனது.
சொல்லியிருக்கலாம் எதையாவது.
மன்னன், கடல், வெற்றி, வாழ்க.
யார் கேட்கப் போகிறார்கள், ஐந்து மணிக்குக் கப்பல்.
உரிமத் தேர்வில் எத்தனையோ கேள்விகள்;
‘தெரியாது’ என்பது எதற்கும் விடையாக இருந்ததில்லை.

“தெரியாது” என்றேன்.
“யாருக்கும் தெரியாது.”
அதுவரை கைப்பேசியில் இருந்தவர்களும்
நிமிர்ந்து கல்லைப் பார்த்தார்கள்.

பேருந்தில் எண்ணினேன். முப்பத்தேழு.
மறுபடி எண்ணினேன். முப்பத்தேழு.
ஓட்டுநர் ஜுனைடி கடிகாரத்தைத் தட்டினார்.
ஓடினேன்.

கல்லின் முன்னால் கிரேசியெல்லா அம்மாள்.
மூச்சில் பனித்த கண்ணாடி மேல்
விரலால் வரிகளைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.
காவலர் அதட்டவும் முடியாமல் போகவும் முடியாமல்.

“இது சரக்குப் பட்டியல்” என்றார் அம்மாள்.
“என் அப்பா துறைமுகக் கணக்கர்.
கப்பல் வந்தால் இப்படித்தான் நெருக்கி எழுதுவார்,
இடம் விடாமல்.
வாழ்க என்று எழுதுகிறவன் இடம் விட்டு எழுதுவான்.”

வெயிலில் அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.
தப்பு என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்?
சரி என்று சொல்லவும்தான்.

நான்கு ஐம்பது. முனையம்.
முப்பத்தெட்டு வரியிலும் குறி போட்டு
தாளை அதிகாரியிடம் நீட்டும்போது
ஒரு கணம் கை தயங்கியது.
அவர் பார்க்காமலே வாங்கி அட்டைப்பெட்டியில் போட்டார்.

ஏறுமுன் ஸ்டிக்கரைப் பிய்த்து
எல்லாரும் அந்த ஒரே தூணில்தான் ஒட்டுகிறார்கள்.
மஞ்சளுக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் போன வாரத்துச் சிவப்பு,
அதற்கும் அடியில் வெளுத்த ஏதோ ஓர் எண்.
நகத்தால் நெம்பிப் பார்த்தேன், வரவில்லை.

துப்புரவுக்காரர் ஆறு மணிக்கு வருவார்,
சுரண்டு கத்தியோடு.