வெட்டில்லாத நாட்கள்

ஐப்பசியில் பதினோரு நாள் வெட்டு இல்லை.
ரப்பர் மரமெல்லாம் பிளாஸ்டிக் பாவாடை கட்டி
நனைந்து நின்றன.
பொன்மனையில் எங்கள் ஓட்டுக்கடியில்
ஷெபினாவுக்கு வெறும் தடுமம்.
மூக்கொழுகலை யார் நோயென்பார்?

நாலாம் நாள் ராத்திரி
"அம்மா, செவிக்குள்ள யாரோ தட்டுறாங்க" என்றாள்.
வலது செவியைப் பொத்திக்கொண்டு
தலையைச் சுவரில் தேய்த்தாள்.
படுத்தால் கூடியது.
தோளில் போட்டால் கொஞ்சம் அடங்கியது.
விடியும்வரை நடந்தேன்,
அடுக்களைக்கும் வாசலுக்கும்,
வாசலுக்கும் அடுக்களைக்கும்.
ராஜபாய் பூண்டு காய்ச்சிய எண்ணெயோடு வந்தாள்.
வாங்கிவைத்தேன்; விடவில்லை.

குலசேகரத்தில் டாக்டரம்மா
சின்ன விளக்கை உள்ளே காட்டிப் பார்த்தார்.
மூக்குக்கும் காதுக்கும் நடுவே ஒரு குழாய் உண்டாம்,
சளியில் அது அடைத்ததாம்.
தேங்கிய நீர் சீழாகி
பறையைப் பின்னாலிருந்து தள்ளுகிறதாம்.
"சிவந்து புடைச்சிருக்கு."
அவர் காது என்றார். நாங்கள் செவி என்போம்.
வலிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இளஞ்சிவப்புப் பொடி,
கோடுவரை ஆறிய தண்ணீர், நன்றாகக் குலுக்க வேண்டும்.
ஏழு நாள். வலி போனாலும் நிறுத்தக் கூடாது.
விலை, என் இரண்டு நாள் கூலி.
வெட்டில்லாதபோது இரண்டு நாள் என்பது எவ்வளவு?

அன்றிரவு மூன்று மணி.
வெட்டுக்கு எழும்பும் நேரம், பழக்கத்தில் விழித்தேன்.
அழுகை நின்றிருந்தது.
அதுதான் பயமாக இருந்தது.
தலைவிளக்கை எடுத்து அடித்தேன்.
தலையணையில் மஞ்சளாய் ஈரம்,
ஓரத்தில் நூலளவு இரத்தம்.
பிள்ளை வாய் திறந்து
ஐந்து நாள் உறக்கத்தையும் ஒன்றாக உறங்கினாள்.

மரத்தையும் பிள்ளையையும் ஒப்பிட எனக்குப் பிடிக்காது.
மரத்துக்குக் கத்தி வைப்பது நான்.
ஆனாலும் கன்னத்தில் காய்ந்திருந்த கோட்டை
ஈரத்துணியால் துடைக்கும்போது
ஒட்டுப்பால் உரிக்கும் கை
தன்னாலே மெதுவாயிற்று.

"பறை பொத்திருக்கு. அதான் வலி போச்சு.
பயப்படாதீங்க, தானே அடையும்.
தண்ணி மட்டும் போகக் கூடாது."
நாலு நாள் ஒழுகி நின்றது.
குளிக்கையில் வாசலின் தடவிய பஞ்சு.
சானலில் சாடக் கூடாது என்றதற்கு
செவியைவிட அதிகமாக அழுதாள்.

பிறகுதான் தெரிந்தது, கேட்கவில்லை.
இடப்பக்கம் நின்று கூப்பிட்டால் திரும்புவாள்.
வலப்பக்கம் நான் இல்லாதவள்.
"தண்ணிக்குள்ள இருந்து பேசாதீங்க" என்று
என்னையே அதட்டினாள்.
பள்ளி டைரியில் சிஸ்டர் எழுதியிருந்தார்:
வகுப்பில் கவனமில்லை.
அடியில் நான் எழுதினேன்:
கவனம் உண்டு. வலது செவியில் நீரும் உண்டு.
இடது செவி உங்கள் பக்கம் வரும்படி இருத்தவும்.

மூன்று வாரம் கழித்து மறுபடி அந்த விளக்கு.
பறை மூடிவிட்டது.
உள்ளே மிச்ச நீர் வற்ற
ஒரு மாதமும் ஆகலாம், மூன்றும் ஆகலாம்.
வெட்டிய பட்டை திரும்ப வளர வருஷங்கள்.
இது எவ்வளவோ பரவாயில்லை என்று நினைத்தேன்.
ஒப்பிட மாட்டேன் என்று சொன்னவள்தான்.

வீடுகளில் நட்சத்திரம் தொங்கவிட்ட வாரம்.
வெட்டுத் தொடங்கியாயிற்று.
கிளம்புமுன் வாசலில் நின்று
தமாமிலிருந்து கூப்பிட்ட அவரிடம்
ரொம்பத் தாழ்ந்து சொன்னேன்,
மழைச் சத்தத்தில் எனக்கே பாதி கேட்காதபடி:
"பிள்ளைக்க மாலைய பணயம் வச்சேன்.
அவகிட்ட சொல்லிராதீங்க."

உள்ளே இருட்டில்
இடது செவி தலையணையில் அமுங்க
வலது செவி மேலே இருக்கப்
படுத்திருந்தவள் கேட்டாள்:

"எனக்க மாலையையா?"