பாணி

ஏழு பத்து கும்மிடிப்பூண்டி வண்டி.
பெண்கள் பெட்டியில் மூன்றாவது ஜன்னல் எங்களுடையது.
பட்டா இல்லை. ஆனால் பேசின் பிரிட்ஜ் தாண்டியும்
வேறு யாரும் அங்கே உட்கார்ந்து பார்த்ததில்லை.

மந்தைவெளியில் பதினேழு வருடம்
எதுகை மோனை நடத்திவிட்டு
பணிநிரவலில் எண்ணூரில் போய் விழுந்தவள் நான்.
முதல் நாள், கொருக்குப்பேட்டை வருவதற்குள்
டிபன் டப்பாக்கள் திறந்தன,
கூடவே யோசனைகளும்.

"கழிப்பறைச் சாவியை இன்னிக்கே கேட்டு வாங்கிடுங்க.
நாளைக்குக் கேட்டா வெட்கம் வந்துடும்,"
என்றாள் எஸ்தர் லீலா, அத்திப்பட்டில் இறங்குகிறவள்.
அவள் பையில் எப்போதும் ஒரு மாற்றுப் புடவை,
ஈர்க்கொல்லிச் சீப்பு, பாதி எரிந்த மெழுகுவர்த்தி.

நூருன்னிசாவுக்குப் பொன்னேரி தாண்டி
செங்கல் சூளைப் பிள்ளைகள்.
"தை பிறந்தா வருவாங்க. ஆடிக் காத்துல போயிடுவாங்க.
பேரை மட்டும் சிவப்பு மையில அடிச்சிடாதீங்க.
அடிச்ச பேரு அடுத்த தையில
வாசல்ல வந்து நிக்கும்.
அப்போ நமக்குத்தான் முகம் இருக்காது."

அழுகிற பிள்ளையைத் தூக்கலாமா கூடாதா என்பதில்
திருவொற்றியூர் வரை சண்டை.
ஒன்றைத் தூக்கினால் முப்பதும் அழும் என்று ஒரு கட்சி.
அழட்டுமே என்று ஒரு கட்சி.

கடைசி வரை போகிற ஹேமகுமாரி
கண்ணை மூடியபடியே சொன்னாள்:
"எமிஸ்ல வருகை போடுங்க. மூச்சு விடுங்க.
அடுத்த கலந்தாய்வு வரைக்கும் அது போதும்."
யாரும் மறுக்கவில்லை.
விம்கோ நகர்க் காற்று கொஞ்சம் கசந்தது,
வழக்கம்போல.

அத்தனையையும் முந்தானையில் முடிந்துகொண்டு
வகுப்பில் நின்றேன்.
ஒடியா ஒன்பது, தெலுங்கு ஆறு, நேபாளி ஒன்று.
மீதி தமிழ்தான், ஆனால் என் தமிழ் இல்லை.
காற்று என்றால்
எந்தக் காத்து டீச்சர், கச்சானா கொண்டலா
என்று திருப்பிக் கேட்கிற தமிழ்.

கடைசி வரிசையில் டுக்குனா மாஜி எழுந்தான்.
"பாணி," என்றான்.

எனக்குத் தெரிந்த பாணி நடை, தினுசு,
இரண்டு மதிப்பெண் வினா.
எந்தப் பாணி என்றே கேட்டுத் தொலைத்தேன்.
இன்னும் இரண்டு தடவை சொன்னான்.
பிறகு சொல்லை விட்டுவிட்டு
கையைக் குவித்து வாயருகே வைத்தான்.

மூலைக் குழாயைத் திருகினால்
ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது.
என் பாட்டிலை நீட்டினேன்.
சட்டையில் ஒரு சொட்டு விழாமல் அண்ணாந்து குடித்தான்.
பாட்டில் வரிசை வரிசையாய்ப் போய்
யாரும் சொல்லிக்கொடுக்காத ஒழுங்கோடு
காலியாய் என்னிடம் திரும்பியது.

இரவு பழைய அகராதியைப் புரட்டினேன்.
பாணி: கை. காலம். தாளம். பாட்டு. காடு.
அவற்றோடு, நீர்.
எத்தனை தலைமுறையாய் அந்தப் பக்கத்தில்
அந்தப் பையன் நின்றுகொண்டிருந்தான் என்று
எண்ணிப் பார்த்தேன்.
எண்ணி முடிப்பதற்குள் குக்கர் கத்தியது.

மறுநாள் வண்டியில் இதைச் சொன்னேன்.
எஸ்தர் சிலிர்த்தாள். நூருன்னிசா எழுதிக்கொண்டாள்.
ஹேமகுமாரி கண்ணைத் திறந்தாள், முதல் தடவையாக.
"அதெல்லாம் இருக்கட்டும்.
குழாய்க்கு யார்கிட்ட சொன்னீங்க?"

நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

"ஜேஇ நம்பர் இருக்கு. எட்டு மணிக்குள்ள
கூப்பிட்டா எடுப்பாரு, அப்புறம் எடுக்க மாட்டாரு.
அஞ்சு வருஷம் அவர்கிட்ட கத்தி
நாலு ஸ்கூலுக்குத் தண்ணி வாங்கியிருக்கேன்,"
என்றாள், மறுபடி கண்ணை மூடுவதற்கு முன்.
போனைத் தேடி எடுப்பதற்குள் எண்ணூர் வந்துவிட்டது.

இறங்கி ஓடிவந்து ஜன்னலைப் பிடித்தேன்.
ஒவ்வோர் எண்ணாய்க் கத்தினாள்.
பக்கத்துத் தண்டவாளத்தில் நிலக்கரி வண்டி
கடைசி இரண்டையும் தின்றுவிட்டது.

நாளைக்குக் கேட்க வேண்டும்.
இன்றைக்குத் தோளில்
நான்கு பாட்டில்கள் மோதிக்கொள்ள
கேட்டைத் தாண்டி நடக்கிறேன்.