பட்டை

மாதத்தில் இரண்டு ஞாயிறு
ஹைக்கேவும் நானும் மரங்களுக்குப் பட்டை போடுகிறோம்.
பட்டையின் மேல் பட்டை.
இதை ஜெர்மனில் சொல்லிப் பார்த்தேன்,
சிரிப்பு பாதி வழியிலேயே செத்துப்போனது.

அவள் சுரண்டுவாள், நான் பூசுவேன்.
உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைச் சதுரம்,
காய்ந்ததும் குறுக்கே மஞ்சள் கோடு.
கார்விட்ஸ் ஏரியோரம் போகும் எங்கள் பாதைக்கு அதுதான் அடையாளம்.
பாசி சதுரத்தைத் தின்னும்.
மரமும் சும்மா இருப்பதில்லை,
பருத்துப் பருத்து கோட்டை இழுத்து விரித்து வைத்திருக்கும்.
பீச் மரங்கள். சாம்பல் நிறம், சுருக்கம் விழுந்த முட்டி.
யானைக்கால் என்று நான் கூப்பிடுகிறேன்.
நோய் நினைவுக்கு வந்தால்
அது என் தொழிலின் கோளாறு.

விதி ஒன்றுதான்: ஒவ்வொரு மரத்திலும் இரண்டு.
போகிறவர் கண்ணுக்கு ஒன்று,
அதே மரத்தின் முதுகில்
திரும்பி வருகிறவருக்கு ஒன்று.
போகும்போது இருக்கும் காடு வரும்போது இருக்காது
என்பாள் ஹைக்கே.
பேருந்து ஓட்டுகிறவள், அவளுக்குத் தெரியும்.
எனக்கும் கொஞ்சம் தெரியும்.
நோய்ஸ்ட்ரேலிட்ஸில், டயாலிசிஸ் பிரிவில் எனக்கு வேலை.
ரத்தம் வெளியே போகும் குழாய் சிவப்பு,
உடம்புக்குத் திரும்பும் குழாய் நீலம்.
மாற்றிப் பொருத்தாதே என்பதுதான் முதல் நாள் பாடம்.

ஏரியில் தீவுகளை இரண்டு முறை எண்ணினேன்,
இரண்டு விடை வந்தது.
தண்ணீர் ஏறினால் ஒன்று குறையும்.
எங்கள் பாதை எதற்கும் போவதில்லை.
கரைவரை வந்து, நாணலருகே கொஞ்சம் தயங்கி
காட்டுக்குள் திரும்பிவிடும்.

மார்ச் கடைசியில், இலை வருமுன்,
நாணல் மடிந்து கிடந்த இடத்தில் தேநீர் குடிக்கும்போது பார்த்தேன்.
எதிர்த் தீவின் ஆல்டர் மரத்தில்
வெள்ளைச் சதுரம். மஞ்சள் கோடு.

ஹைக்கே தொலைநோக்கியை வாங்கினாள்,
ரொம்ப நேரம் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.
"டெட்லெஃப்," என்றாள்.
"கோட்டின் வலது முனை தொங்குது பார்.
தூரிகையை எப்பவும் அதிகம் தோய்ப்பான்.
ஏரி உறைஞ்ச ஏதோ ஒரு பிப்ரவரியில் நடந்து போயிருப்பான்."
எனக்கு முன் இந்தப் பகுதியில் அவளுக்குக் கூட்டாளி,
பன்னிரண்டு வருடம் கணவனும்கூட.
இப்போது ரோஸ்டாக்கில்.

மீன்காரர் புஸ்ஸோ படகு தந்தார்.
"சுரண்டிடலாம்," என்றாள் துடுப்பு வலித்தபடி,
"யாராவது அதை நம்பித் தண்ணியில இறங்கிடுவாங்க."

நாற்பது எட்டு வைத்தால் தீவு முடிந்துவிட்டது.
கல்லெல்லாம் நீர்க்காகங்கள் சுண்ணாம்பு அடித்திருந்தன.
மரத்தைச் சுற்றி வந்தாள்.
பின்பக்கம் வெறும் பட்டை.
இன்னொரு முறை சுற்றினாள், விரலால் தடவிக்கூடப் பார்த்தாள்.
பிறகு சிரித்தாள்,
நாரை ஒன்று எழுந்து வேறு தீவுக்குப் போகும் அளவுக்கு.
"ஒரு பக்கம்! அவனுக்கு எப்பவும் ஒரு பக்கம்தான்!"

சுரண்டியை எடுத்தாள்.
முதுகுப் பக்கத்தை வழித்தாள்.
தூரிகையை என்னிடம் தரவில்லை.
காற்றில் ஈரம், வெள்ளை காய மறுத்தது.
படகு விளிம்பில் உட்கார்ந்து
மிச்ச ரொட்டியைத் தின்றபடி காத்திருந்தோம்.
பிறகு மஞ்சள்:
நேராக, ஒரு சொட்டும் தொங்காமல்.
படிவத்தில் 'எந்தப் பாதை' என்ற கட்டத்தில்
அவள் என்ன எழுதினாள் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

இந்தக் கரையில் நின்றால் அவன் கோடுதான் தெரியும்.
அவளுடையதைப் பார்க்க
முதலில் அங்கே போயிருக்க வேண்டும்.

திங்கள் காலை, மூன்றாம் நாற்காலி.
நான் கையுறை மாட்டும் முன்
ஹெர் க்ரம்பீகல் என் நகக்கண்ணைப் பார்த்தார்.
"மஞ்சள்தானே? கறி சமைத்தாயா?"
ஆமாம் என்றேன்.
குமிழி இல்லையென்று இருமுறை பார்த்து
நீலக் குழாயைப் பொருத்தினேன்.