நாலு பதினேழு

கோஸ்கெலாவின் முகத்தை
நான் முதன்முதலில் பார்த்தது
அவளுடைய சவப்பெட்டிக்குப் பக்கத்தில்,
சட்டமிட்ட படத்தில்.
முன்பல் ஒன்று ஓரத்தில் உடைந்திருந்தது.
அவள் பேச்சில் அடிக்கடி கேட்கும் அந்த மெல்லிய சீட்டி
ஒலிவாங்கியின் கோளாறு என்றே
ஆறு வருடம் நினைத்திருந்தேன்.

நான் வானொலி மேசைக்காரன்.
நிப்பிகன் தொடங்கி வடக்கே
சாலை தீர்ந்துபோகிற இடம் வரைக்கும்
இரவில் காட்டுக்குள் இறங்குகிற அதிகாரிகள்
எனக்குத் திரையில் பச்சைப் புள்ளிகள்.
இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மணியடிக்கும்.
எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவேன்.
"நலம்" என்று ஒரு சொல் வரும்.
அந்த ஒரு சொல்லுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

அவள் ஒரு சொல்லோடு விடமாட்டாள்.
ஏரியில் பனி கால் அங்குலம் தடித்திருக்கிறது,
அக்காள் புருஷன் இரண்டு மீன் கூடுதலாகப் பிடித்தான்,
அபராதச் சீட்டு எழுதிவிட்டேன்,
கிறிஸ்துமஸ் விருந்துக்கு இனிக் கூப்பிடமாட்டார்கள்,
உன் டப்பாவில் இன்றைக்கு என்ன?
புட்டு என்றால் என்னவென்று விளக்க
மூன்று இரவுப் பணி ஆனது.

அக்டோபர் பத்தொன்பது, இரவு பதினொன்று நாற்பத்திரண்டு.
"பழைய மரவெட்டுப் பாதை. ஒரு பிக்கப் வண்டி.
என்னைக் கண்டதும் விளக்கை அணைத்துவிட்டார்கள்.
பள்ளத்தில் பெண் மூஸ் மான் ஒன்று, உடம்பு இன்னும் சூடு.
நடந்து போய்ப் பேசிப் பார்க்கிறேன்."

பேசிப் பார்க்கிறேன்.
துப்பாக்கி உறையின் பொத்தான்
கழற்றப்படவே இல்லை என்று
பிற்பாடு அறிக்கையில் படித்தேன்.

பன்னிரண்டு இரண்டு. மணியடித்தது.
நாலு பதினேழு.
இரைச்சல்.
நாலு பதினேழு, கேட்கிறதா?
இரைச்சல்.
மூன்றாம் முறை
"எங்க நிக்கிறாய் பிள்ளை" என்றிருக்கிறேன்.
எனக்கு நினைவில்லை.
ஒலிப்பதிவை எழுதியெடுத்தவர்கள் அந்த இடத்தில்
"விளங்காத சொற்கள்" என்று குறித்திருந்தார்கள்.

ஆநிரை மீட்கப் போய் விழுந்தவனுக்கு
எங்கள் ஆட்கள் கல் நட்டார்கள்.
பேர் வெட்டி, மயிற்பீலி சூட்டி, கள் வார்த்தார்கள்.
ஆனால் அந்த மாடுகளுக்கு ஊர் இருந்தது,
கொட்டில் இருந்தது,
பாலுக்கு அழுகிற பிள்ளைகள் இருந்தன.
இந்த மூஸுக்கு யார்?
யாருடையதும் அல்லாத ஒன்றைக் கேட்டு
ஒருத்தி தனியே இருட்டில் நடந்திருக்கிறாள்.
இதற்குச் சூட என்ன பூவென்று
எந்த இலக்கணத்தில் தேட?

படகுத்துறையில் இவர்கள் நட்டது
பச்சை வண்ணமடித்த ஓர் இரும்புப் பலகை.
மயிலுக்கு இங்கே எங்கே போவது.
அக்காள் புருஷன் வந்தான்.
ஒன்றும் பேசவில்லை.
சட்டைப்பையிலிருந்து சிவப்புத் தூண்டில் மிதவைகளை எடுத்து
பலகையில் கட்டினான்.
இரண்டே இரண்டு.
அளவு மீறவில்லை.

அடக்க நாளில் கடைசி அழைப்பு என் பொறுப்பு.
தாளில் எழுதிக் கொடுத்தார்கள்:
மூன்று தடவை கூப்பிடு,
ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி விடு,
பிறகு, பணி முடிந்தது,
இனி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்.
வெளியே இருநூறு வண்டிகளில்
வானொலி திறந்திருந்தது.

நாலு பதினேழு.
அன்றைக்குப் பதில் வரவேண்டுமென்று கூப்பிட்டேன்.
நாலு பதினேழு.
இன்றைக்கு வராது என்பதை
எல்லோரும் கேட்கவேண்டும் என்று கூப்பிடுகிறேன்.
பத்து நொடி எவ்வளவு பெரிய காடு.
நாலு பதினேழு.
தாளில் இருந்ததை மட்டும் சொன்னேன்.
ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை.

அன்று இரவே பணிக்கு வந்தேன்.
மணியடித்தது.
நாலு இருபத்தொன்று, புதுப் பையன்,
குளிரில் பல் கிட்டுகிற குரல்.
"நலம்" என்றான்.
துண்டிக்கப் போனான்.

இரு, என்றேன்.
ஏரியில் பனி பிடித்துவிட்டதா?
எத்தனை அங்குலம்?
சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய்?
சொல்லு.
எனக்கு நேரம் இருக்கிறது.