இரண்டு மாங்காய்

பதினான்காவது கொண்டை ஊசி வளைவில்
ஒரு முழு டிக்கெட்டும் ஓர் அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்து
பாக்கி ஏழு ரூபாயைக் கையிலேயே வைத்தபடி
உட்கார்ந்தார் கண்டக்டர் குழந்தைவேலு.
தூங்கிவிட்டார்.

ஏற்காட்டிலிருந்து இறங்கும் கடைசி வண்டி. மணி ஒன்பது பத்து.
யாரோ அந்த நேரத்தைப் பார்த்துவைத்திருந்தார்கள்.
பிறகு எங்களிடம் இருந்த ஒரே சொத்து அதுதான்.

"தண்ணி" என்றார் கொண்டுவந்து சேர்த்தவர்.
வாயருகே குனிந்தேன்: ஏலக்காய் டீ, வெற்றிலை.
சர்க்கரை நூற்றுப் பதினெட்டு.
கூப்பிட்டால் கண் திறக்கிறார்,
"ம்" என்கிறார், மூடிக்கொள்கிறார்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்போல.
கை இழுக்கவில்லை. வாய் கோணவில்லை.
சி.டி. சுத்தம்.
"ட்ரிப் போடு, காலையில பாக்கலாம்" என்றது போன்.

குகையிலிருந்து ஆட்டோவில் வந்த
அவர் மனைவி பூங்காவனம் அழவில்லை.
"வீட்ல தூங்குவாரு டாக்டரம்மா. வண்டியில
இருவத்திரெண்டு வருசமா கண்ணசந்ததில்ல."

கேஸ் ஷீட்டில் அதை எழுதக் கட்டம் இல்லை.
இமைகளை விரலால் தூக்கிப்பிடித்து
பேனாவை நகர்த்தினேன்.
வலப்பக்கம் வந்தது பார்வை, இடப்பக்கம் வந்தது, கீழே வந்தது.
மேலே
வரவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு எம்.ஆர்.ஐ.
அத்தனை இரைச்சலிலும் தூங்கினார்.
திரையில், மூளையின் நட்டநடுவில்,
இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, வெள்ளையாக.
பெரும்பாலோருக்கு அங்கே பக்கத்துக்கொரு ரத்தக்குழாய்.
எங்கோ சிலருக்கு மட்டும்
ஒரே காம்பில் இரண்டு மாங்காய்.
ஒரே கல்.

பாடப்புத்தகத்தில் அடிக்குறிப்பாகப் படித்தது.
அடிக்குறிப்புக்கு இப்போது அறுபத்து நான்கு கிலோ எடை;
எடையை வைத்துத்தான் மருந்தின் அளவு.
கட்டி கரையலாம், மூளைக்குள் ரத்தம் கசியவும் கசியலாம்
என்று சொல்லித்தான் கையெழுத்துக் கேட்டேன்.
"உங்க வீட்டு ஆளா இருந்தா என்னா செய்வீங்க?"
போடுவேன் என்றேன். அது என் குரலாக இல்லை.
பத்தில் ஒரு பங்கு உடனே, மிச்சம் ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக.
ஆரம்பித்தபோது பன்னிரண்டு ஐம்பது.
நாலரை மணி நேரக் கதவு சாத்த இன்னும் ஐம்பது நிமிடம்.

மூன்றாம் நாள் காலை என்னைப் பார்த்து
"எங்கம்மா எறங்கணும்?" என்றார்.
கிழமை தெரியவில்லை. பார்வை இன்னும் மேலேறவில்லை.
இருந்தும் நடந்துதான் வீட்டுக்குப் போனார்.

இப்போதும் சில ராத்திரிகளில் பூங்காவனத்தின் போன் வரும்:
"தூங்குறாரு டாக்டரம்மா. இது எந்தத் தூக்கம்?"
எழுப்பிப் பாருங்கள் என்பேன்.
என்னங்க, என்னங்க என்று உலுக்குவது கேட்கும்.
பிறகு குழந்தைவேலுவின் எரிச்சல்:
"மனுசனத் தூங்க விடேண்டி."
அது காதில் விழுந்த பிறகுதான்
நான் விளக்கை அணைப்பேன்.